தோள் வலித்தால் நல்ல சேதி

மதுரையில் அந்தச் சோதனையை எனக்கு முதன்முதலில் செய்தபோது கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. சின்னமனூரில் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், அவரைப் பெற்ற என் அத்தை. கொஞ்சம் நெல் வயலும், ஆற்றோரமாக ஒரு வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வேலைக்கும் குறைவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் முதலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

நேர்ந்துகொண்டதெல்லாம் செய்தாயிற்று. நாட்டு மருந்து ஒரு மண்டலம் குடித்தாயிற்று. பிறகு யாரோ சொல்லி, மதுரையில் பேர் வாங்கிய ஒரு லேடி டாக்டரிடம் என் கணவர் என்னை அழைத்துப் போனார்.

அந்த டாக்டரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அன்று அவர் வாசலில் நாற்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து அவர் சாப்பிட்டாரோ என்னவோ. ஆனால் என்னை உள்ளே கூப்பிட்டதிலிருந்து வெளியே அனுப்பியது வரைக்கும் என்னிடம் அவர் பேசியது மூன்றே வார்த்தை. "படு" என்றார். "இறுக்காதே" என்றார். கடைசியில் "எழுந்திரு" என்றார். மற்றதெல்லாம் நர்ஸோடு இங்கிலீஷில் பேசினார். இரும்பு மேசை. காலைத் தூக்கி இரண்டு பக்கமும் வாரில் மாட்டினார்கள். ஏதோ ஒன்று சில்லென்று பட்டது. அது என்ன, அடுத்து என்ன வரும் என்று எதுவும் தெரியாமல் கூரையில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அடிவயிற்றுக்குள் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி வந்தது. கத்திவிட்டேன். நர்ஸ் என் தோளை அழுத்திப் பிடித்தாள். எவ்வளவுக்கு எவ்வளவு அழுத்தினாளோ அவ்வளவுக்கு அவ்வளவு என் உடம்பு கட்டையாக விறைத்தது.

வெளியே வந்து டாக்டர் என் கணவரிடம்தான் சொன்னார். கருக்குழாய் இரண்டும் அடைத்திருக்கிறது, பிள்ளை பிறக்க வழி இல்லை என்று. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

ரயிலில் திரும்பினோம். உசிலம்பட்டியில் அவர் இறங்கிப் போய் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிவந்து என் மடியில் வைத்தார். தேனி வரைக்கும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன். தின்னத் தோன்றவில்லை. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து 'அடைப்பு' என்ற சொல் எங்கள் வீட்டில் குடியேறியது. அத்தை கெட்ட எண்ணத்தோடு அதைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "அவளுக்கு உள்ள அடைப்பாம். டாக்டரே சொல்லிட்டாக" என்பார்கள், அவ்வளவுதான். கொடிக்காலில் வாய்க்கால் அடைத்தால் மண்வெட்டியை எடுத்து ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் ஓடும். இதற்கு மண்வெட்டி இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது?

அடுத்த வருடம் சுருளிப்பட்டியிலிருந்து அத்தையின் தம்பி வந்தார். அவருக்கு ஒரு மகள், பதினேழு வயது. என் கணவருக்கு முறைப்பெண். பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. நானே கோழி அடித்துக் குழம்பு வைத்துப் பரிமாறினேன். அடுத்த தடவை அந்தப் பெண்ணையும் கூட்டிவந்தார்கள். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. எனக்கா, அவளுக்கா, யாருக்குப் பாவப்பட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. தை பிறக்கட்டும் என்று தள்ளிவைத்தார்கள். என் கணவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், கணவரின் தங்கை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வலி கண்டு ஒன்றரை நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பஸ்ஸில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனோம். ரயிலடிக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று எட்டுக் கட்டிலோடு ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு மலையாள டாக்டரம்மா. நாற்பது வயதைத் தாண்டியவர். குள்ளம். வெள்ளைச் சேலை, தோளில் ஊக்கு குத்தித் தொங்குகிற கடிகாரம்.

பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். ஆனால் நாத்தனாருக்குத் தையல் போட்டிருந்தது. ஐந்து நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். பச்சைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் தங்கினேன். அந்த ஐந்து நாளும் அந்த டாக்டரம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலருகே வந்தால் முதலில் உட்காருவார். இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வார். "இப்போ தொடப் போறேன்" என்பார். அப்புறம்தான் தொடுவார். "இப்போ எரியும், ஒரு அஞ்சு எண்ணுற நேரம்" என்பார். அதுபோலவே எரியும், அதுபோலவே நிற்கும். வலிக்காது என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் நாத்தனார் ஈர்க்குச்சி குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள். அவரிடம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து எண்ணினாள்.

நான்காம் நாள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்தேன். டாக்டரம்மா பின்னாலிருந்து கேட்டார்.

"நல்லாப் பிடிக்கிறே. உனக்குக் குட்டிகள் எத்தனை?"

மலையாளத்தில் பிள்ளையைக் குட்டி என்பார்கள். அதைக் கேட்டதும் கட்டிலில் கிடந்த நாத்தனார் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

"இல்லங்கம்மா. எனக்குக் குழாய் அடைப்பு."

"யார் சொன்னது?"

மதுரையைச் சொன்னேன். சோதனை செய்ததைச் சொன்னேன். வழக்கமாக இதற்கு அடுத்து எல்லாரும் த்சொ என்பார்கள், இல்லாவிட்டால் சாமி இருக்கிறார் என்பார்கள். அவர் நாத்தனாரின் கட்டிலைத் தாண்டி ஜன்னலோரம் என்னை அழைத்துப் போய், பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார்.

"அந்த டெஸ்ட் பண்ணினப்போ உனக்கு எப்படி இருந்தது? அதைச் சொல்லு மோளே."

அதுவரை என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. என் கணவர் கேட்கவில்லை, அத்தை கேட்கவில்லை, என்னைப் பெற்ற அம்மாகூடக் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் உண்டு. எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். வாரில் மாட்டியது, பல்லி, தோளை அழுத்தியது, கத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் முழங்கால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. அவர் அதைக் கவனித்தார். குறுக்கே பேசவில்லை.

முடித்த பிறகு தன் கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினார். பட்டென்று மூடிக்கொண்டார்.

"பயந்தா இப்படி மூடிக்கிறோம் இல்லையா. உள்ளேயும் அப்படித்தான். அந்தக் குழாய் உன் தலைமுடியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நீ பேடிச்சா அதுவும் பேடிக்கும். அன்னைக்கு அது அடைச்சிருந்ததா, பயந்து மூடினதா, எனக்குத் தெரியாது. ஒரு தடவை பார்த்து யாருக்கும் தெரியாது."

பேடி என்றால் பயம். குமுளி வழியாக ஏலக்காய், மிளகு விற்க வந்துபோகிற மலையாளிகள் பேசிக் கேட்டிருந்ததால் எனக்குப் புரிந்தது.

"இன்னொரு தடவை நான் செஞ்சு பார்க்கலாம். திறந்திருக்கும்னு நான் சொல்லல. பார்க்கலாம்னுதான் சொல்றேன்."

"வேணாங்கம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"சரி" என்றார். எழுந்து, பிள்ளையின் தொப்புளைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வற்புறுத்தியிருந்தால் நான் மறுபடி அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். அந்தச் 'சரி'தான் என்னைப் போட்டு அலைக்கழித்தது. ஊருக்குத் திரும்பி வந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருக்கும்போதெல்லாம் கையை விரித்து மூடிப் பார்ப்பேன். இருபது நாள் கழித்து, கொடிக்காலில் என் கணவரோடு தனியாக இருந்தபோது சொன்னேன். டாக்டரம்மா இன்னார், இப்படிச் சொன்னார் என்று.

அவர் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். நார் கையில் அப்படியே நின்றது.

"ஒனக்கு வேணாம்னா வேணாம்" என்றார்.

"ஒங்களுக்கு?"

கையில் நின்ற நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மதுரையில நீ கத்துனது எனக்கு இன்னமும் கேக்குது. நான் வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்தேன். எந்திரிச்சு வரவா, வரக்கூடாதான்னு தெரியல. கதவுக்கிட்ட வந்து நின்னுட்டு மறுபடி போயி ஒக்காந்துட்டேன்."

அவருக்கும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு முடிவு செய்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை.

தேனிக்குச் சொல்லியனுப்பியதற்கு, தீட்டு நின்று தலைக்குக் குளித்த ஐந்தாம் நாள் வரச்சொன்னார்கள். அத்தையிடம், நாத்தனார் பிள்ளைக்கு மருந்து வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். பொய்தான்.

டாக்டரம்மா அன்றைக்குச் சோதனை செய்யவில்லை. "இன்னைக்குக் கருவியைப் பாரு. நாளைக்குச் செய்வோம்" என்றார். எங்களுக்கு இராத்தங்க அங்கேயே சமையல்காரி வீட்டில் இடம் சொல்லிவிட்டார். சோதனை அறையில் மேசை மீது ஒரு பலகை, அதில் கண்ணாடிக் குழல், குழலுக்குள் பாதரசம். ஒரு ரப்பர் உருண்டை, ஒரு நீளமான ரப்பர் குழாய், கடைசியில் மெல்லிய உலோகக் குழல். எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தார்.

"அமுக்கு."

அமுக்கினேன். பாதரசம் மேலே ஏறியது. குழாயின் முனையை என் உள்ளங்கையில் வைத்தார். காற்று குறுகுறுவென்று பட்டது.

"இவ்வளவுதான். இந்தக் காத்து உள்ளே போகும். வழி இல்லேன்னா பாதரசம் ஏறிக்கிட்டே போகும், நான் நிறுத்திடுவேன். வழி இருந்தா ஏறினது இறங்கும். அப்போ அடிவயித்துல, மாசாமாசம் வருமே, அந்த மாதிரி வலி வரும். அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். நீ எழுந்து உட்காரும்போது அந்தக் காத்து மேலே ஏறும். அப்போ தோள் வலிக்கும்."

"தோளா?"

"தோள்தான். ஏன்னு கேட்டா அது பெரிய கதை. தோள் வலிச்சா நல்ல சேதி."

அப்புறம் ஒன்று சொன்னார். "நாளைக்கு உன் வலது கை சும்மா இருக்கும். யாரும் பிடிக்க மாட்டாங்க. நீ அதைத் தூக்கினா நான் நிறுத்துவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் போனேன். அறையில் அவரும் வயதான ஒரு ஆயாவும் மட்டும். வார் இல்லை. இரண்டு பக்கமும் தலையணை வைத்து அதில் காலைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னார். முழங்கால் வரைக்கும் போர்வை இருந்தது. கருவிகளை வெந்நீரில் போட்டு எடுத்து, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு என் மணிக்கட்டிலும் வைத்துக் காட்டினார்.

"பேடி உண்டோ?"

"இருக்குங்கம்மா."

"இருக்கட்டும். அதுபாட்டுக்கு இருக்கட்டும். நீ கால் பெருவிரலை மட்டும் ஆட்டிக்கிட்டு இரு."

"இப்போ தொடப் போறேன்" என்றார். தொட்ட அந்த நொடியில் நான் கையைத் தூக்கினேன். வலிக்கவே இல்லை. அவர் சொன்னதைச் செய்வாரா என்று பார்க்கத் தோன்றியது.

உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆயா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். வெளியே ரயிலடியில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"சும்மா பார்த்தியா?" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன், வெட்கத்தோடு.

"நல்லது. நானா இருந்தாலும் பார்ப்பேன்."

அப்புறம்தான் என் உடம்பு மேசை மேல் இறங்கியது. அதுவரைக்கும் முதுகு மேசையில் படாமலேயே கிடந்திருக்கிறேன் போல.

"உங்க வீட்டுல வெத்தலைத் தோட்டம்னு சொன்னியே. எனக்கு ஒண்ணு தெரியணும். எங்க ஊர்ல வெத்தலை கமுகு மரத்துல ஏறும். இங்கே எதுல ஏத்துறீங்க?"

"அகத்தியிலங்கம்மா."

"அது பலம் தாங்குமா? இப்போ ஒரு குழல் உள்ளே வருது, ஒரு கிள்ளு கிள்ளின மாதிரி இருக்கும். சொல்லு."

கிள்ளியது. "தாங்குங்க. மொதல்ல அகத்தி வெதையப் போட்டு, அது ஆளு ஒசரத்துக்கு வந்ததுக்கு அப்புறந்தான் கொடி நடுவாக."

"கொடி மரத்துக்கு மேலே போயிட்டா?"

"எறக்கிக் கட்டுவாகங்க. வருசத்துக்கு ஒருக்க. கொடிய மெதுவாப் பிரிச்சு, கீழ வளைச்சு, மண்ணுல வச்சு, நுனிய மட்டும் மறுபடி ஏத்திக் கட்டணும். அவசரப்பட்டா ஒடிஞ்சு போகும்."

"அது யார் செய்வா? இப்போ காத்து விடுறேன். வலிக்கும். என்கூட மூச்சு விடு."

வலி வந்தது. நல்ல வலிதான். மதுரையில் வந்த அதே இடத்திலிருந்துதான் வந்தது. ஆனால் வரப்போகிறது என்று தெரிந்து வந்த வலி. அதன் முகம் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் நீளமாக மூச்சு விட்டார், நானும் விட்டேன். ஆயா என் நெற்றியில் கை வைத்தாள், அழுத்தவில்லை.

"யார் கட்டுவா?" என்று மறுபடி கேட்டார்.

"எங்க வீட்ல… அவுகதான் கட்டுவாக. அவுக கையில ஒரு கொடியும் ஒடியாது." பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் குழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அசையவில்லை, புருவம் மட்டும் மெல்ல ஏறியது. பலகையை என் பக்கம் திருப்பினார்.

"பாரு."

உச்சிக்குப் பக்கம் நின்ற பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டிருந்தது. நடுக்கத்தோடு இறங்கி, ஒரு இடத்தில் நின்றது.

"முடிஞ்சது. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்போ அவசரப்படாம எழுந்து உட்காரு."

ஆயா முதுகுக்குக் கை கொடுத்தாள். உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. தோளையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வலது தோளின் மேல்பட்டையில் யாரோ கட்டைவிரலை ஊன்றி அழுத்துகிற மாதிரி ஒரு வலி கிளம்பியது. வரவர அதிகமானது. கழுத்து வரைக்கும் இழுத்தது.

"வலிக்குதுங்கம்மா" என்றேன். "தோளு வலிக்குதுங்கம்மா."

"நல்லா வலிக்குதா?"

"நல்லா வலிக்குது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கித்தான் துடைத்தாரா, அது அவர் வழக்கமா, எனக்குத் தெரியாது. நான் அந்த மேசையிலேயே உட்கார்ந்து அழுதேன். வலியாலும்தான். ஆனால் அழுகையின் நடுவில் சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பெஞ்சில் உட்காரவில்லை. நான் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, சாய்ந்து நடந்து வருவதைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"என்னத்தா ஆச்சு? என்ன பண்ணுனாக ஒன்னைய? தோள என்ன பண்ணுனாக?"

"தோளு வலிக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். விவரத்தைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் என் தோளைத் தொடக் கையை நீட்டினார். நடுத்தெரு என்று நினைப்பு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். கொடிக்காலுக்கு இந்த வருடம் தண்ணீர் போதுமா என்று கேட்டார். அகத்தியைப் பற்றித் தன் சந்தேகம் ஒன்றைக் கேட்டார். என் கணவர் சரளமாகப் பேசத் தொடங்கிய பிறகு, "இவளைப் பார்த்தாச்சு, இவளுக்கு வழி இருக்கு. இனி உங்களையும் பார்க்கணும். பாதி வேலையை மட்டும் செஞ்சிட்டு விட முடியாதே" என்றார். எப்படிப் பார்ப்பார்கள் என்பதைச் சுருக்கமாக, கணக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். ஒரு சின்னப் புட்டியைக் காகிதத்தில் சுற்றி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, எதையோ எடுப்பதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பி நின்ற நேரத்தில் என் கணவர் அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். காது மடல் வரைக்கும் அவருக்குச் சிவந்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை ஒருவர் அதைச் செய்தார் என்றால், டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பெரிய குறை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பலக்குறைவு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், காலம் கொடுங்கள் என்று முடிவு வந்தது.

ஊருக்கு வந்த அன்றும் என் தோள் வலித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நாள் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் குடத்தை இடுப்பில் வைக்கத் திணறுவதை அத்தை பார்த்துவிட்டார்கள். ஒன்றும் கேட்காமல் நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்து என்னைக் கீழே உட்காரச் சொல்லி, தோளில் தேய்த்தார்கள். அத்தையின் கை முரட்டுக் கை. அன்றைக்கு அது இதமாக இருந்தது.

"எங்கன இடிச்சுக்கிட்ட?"

பொய்யை அதற்கு மேல் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இடிக்கலத்த. அந்தச் சோதனைய மறுபடி பண்ணுனோம், தேனியில. அடைப்பு இல்லையாம். அடைப்பு இல்லாட்டித்தான் தோளு வலிக்குமாம்."

தேய்த்த கை நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி தேய்க்கத் தொடங்கியது.

"ரொம்ப வலிச்சுச்சா?" என்று கேட்டார்கள்.

அத்தை என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை என் கணவர் தன் தாயிடம், "சுருளிப்பட்டிக்குச் சொல்லிவிட்டுரும்மா. அந்தப் பிள்ளைக்கு வேற நல்ல எடமாப் பாக்கட்டும். என்னையும் பாத்தாக. எனக்குந்தான் வைத்தியம் சொல்லியிருக்காக" என்றார். அத்தை வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வைகாசியில் கம்பத்தில் கல்யாணம் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் நிம்மதிதான்.

பிள்ளை உடனே வந்துவிடவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் சிலர் டாக்டரம்மாவைக் குறை சொன்னார்கள். காற்று அடித்தால் பிள்ளை வந்துவிடுமா, அது என்ன சைக்கிள் டியூபா என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வரும் என்று சொல்லவே இல்லையே. மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்று தடவையும் "காத்திரு மோளே" என்றுதான் சொன்னார். எல்லாருக்கும் போலத்தான் எனக்கும் மாதாமாதம் ஏமாற்றம் இருந்தது. ஆனால் உள்ளே ஒன்று மூடிக் கிடக்கிறது என்ற அந்த நினைப்பு போய்விட்டது. கொடிக்காலில் நானாகப் பாடிக்கொண்டு வேலை செய்வதாக என் கணவர் சொன்னார். எனக்கே தெரியாது.

உலகச் சண்டை தொடங்கி, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில் நான் முழுகாமல் இருந்தேன். ஐந்தாம் மாதம் தேனிக்குப் போனபோது டாக்டரம்மா அங்கே இல்லை. ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் இடத்துக்கு ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார். அவர் கையில்தான் என் மகள் பிறந்தாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது டாக்டரம்மாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். எட்டு வரி. ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவிடம் விலாசம் கேட்டு என் கணவர் தபாலில் சேர்த்தார். நான்கு மாதம் ஆகியும் பதில் இல்லை. சேர்ந்திருக்காது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் வந்தது. தமிழ் எழுத்து கோணல்மாணலாக, பிழையோடு இருந்தது. சந்தோஷம் என்று ஒரு வரி. பால் போதுமா என்று ஒரு வரி. பிறகு இப்படி: குழந்தைக்கு அம்மை குத்தவேண்டும், மறந்துபோகாதே. குத்தும்போது அவள் முகம் உன் பக்கம் இருக்கட்டும். என்ன செய்யப் போகிறார்கள் என்று அவளிடம் சொல்லு. அவளுக்கு வார்த்தை புரியாது, சாரமில்லை. சாரமில்லை என்றால் அவர்கள் பேச்சில் பரவாயில்லை.

அடுத்த மாதம் சாவடிக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். பெற்றவர்கள் பிள்ளைகளின் தலையை அப்பால் திருப்பி, கையைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாவடி முழுக்க அழுகை. எங்கள் முறை வந்ததும் அவர், "பிள்ளை முகத்த அங்கிட்டுத் திருப்பிக்கம்மா" என்றார்.

"இல்லங்க, இப்படியே இருக்கட்டும்" என்றேன். மகளை என்னைப் பார்க்கும்படி மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். "இந்தா ஆத்தா, மாமா ஒன் கையில கீறப் போறாக. வலிக்கும். செத்த நேரந்தான். நான் இங்கனதான் இருக்கேன்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் என் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீறியதும் உதடு பிதுங்கியது. வீறிட்டு அழத்தான் செய்தாள், மற்றப் பிள்ளைகள் மாதிரியே. ஆனால் அழுதுகொண்டே என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.